இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீரகம் தேறுவது: ஆண்களுக்கும் பெண்களுக்கும் என்ன வேறுபாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைபாஸ் அல்லது வால்வு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும். இரண்டாம் நாள் டாக்டர் வந்து, "இதயம் நன்றாக இருக்கிறது, கிரியேட்டினின் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்பார். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு; ரத்தத்தில் அது ஏறினால் வடிகட்டல் குறைந்திருக்கிறது என்று பொருள். அங்கிருந்துதான் குடும்பத்தாரின் கேள்விகள் தொடங்கும். நோயாளி ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அந்தக் கேள்விகளில் சிலவற்றுக்குப் பதிலே மாறும். அதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். இங்கே வரும் கிரியேட்டினின் அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் மைக்ரோமோல் என்று இருந்தால் 88.4 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை நடந்தது இதயத்தில். கிட்னி ஏன் அடிவாங்குகிறது?

இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அவ்வளவு ரத்தம் போயும், சிறுநீரகத்தின் உட்பகுதிக்கு ஆக்சிஜன் எப்போதுமே மட்டாகத்தான் கிடைக்கும். அங்குள்ள நுண்குழல்கள் உப்பை உறிஞ்சி மீட்பதற்கு ஓயாமல் உழைப்பவை; கிடைக்கிற ஆக்சிஜனில் பெரும்பகுதி அந்த வேலைக்கே செலவாகிவிடுகிறது. கையிருப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

இதயத்தை நிறுத்திவிட்டு இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தை ஓட்டும்போது பல விஷயங்கள் சேர்ந்து வருகின்றன. ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. ரத்தம் நீர்த்துப்போகிறது. சிவப்பணுக்கள் சில உடைந்து, அவற்றிலிருந்து ஹீமோகுளோபின் கசிகிறது. உடல் முழுதும் அழற்சி கிளம்புகிறது. அறுவைக்குப் பிறகு இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்திருந்தால் ரத்தம் சிரைகளில் தேங்கிச் சிறுநீரகத்தைப் பின்னாலிருந்து அழுத்துகிறது. இந்தக் கடைசிக் காரணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரத்தம் போதவில்லை என்றாலும் பிரச்சினை, வடியாமல் தேங்கினாலும் பிரச்சினை.

எவ்வளவு ஏறினால் "பாதிப்பு" என்கிறார்கள்?

கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு 2012இல் வெளியிட்ட வரையறைதான் இன்று பெரும்பாலும் பயன்படுகிறது. 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 ஏறினாலோ, 7 நாட்களுக்குள் பழைய அளவைவிட ஒன்றரை மடங்கு ஆனாலோ, சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்கும் குறைவாக 6 மணி நேரம் போனாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. இரண்டு மடங்கு இரண்டாம் நிலை. மூன்று மடங்கு அல்லது டயாலிசிஸ் தேவை என்றால் மூன்றாம் நிலை.

இந்தக் கணக்கின்படி இதய அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு ஏதாவது ஒரு நிலையில் பாதிப்பு வருகிறது. பெரும்பாலும் முதல் நிலைதான். டயாலிசிஸ் வரை போவது நூற்றுக்குச் சிலர் மட்டுமே.

பெண்களுக்குத்தான் அதிகம் வரும் என்கிறார்களே, உண்மையா?

நீண்டகாலமாக அப்படித்தான் சொல்லப்பட்டு வந்தது. டயாலிசிஸ் தேவைப்படுமா என்று முன்கூட்டியே கணிக்க, கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட மதிப்பெண் முறையில், நோயாளி பெண் என்றாலே ஒரு மதிப்பெண் சேர்ந்துவிடும். கேடிகோ வழிகாட்டியும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பட்டியலில் பெண்களைச் சேர்த்திருக்கிறது.

ஆய்வுக்கூட விலங்குகளிலோ கதை நேர்மாறு. ரத்த ஓட்டத்தை நிறுத்தி மறுபடி திறந்துவிட்டால் ஆண் எலிகளின் சிறுநீரகம்தான் அதிகம் சேதமாகிறது. பெண் எலிகள் தாக்குப்பிடிக்கின்றன. ஈஸ்ட்ரோஜென் பாதுகாக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் சேதத்தைக் கூட்டுகிறது என்பதற்கு இந்தச் சோதனைகள் நல்ல சான்று. மனிதர்களிலும், எல்லா வகை மருத்துவமனை நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆண்களுக்கே கூடுதல். இதய அறுவையில் மட்டும் பார்த்தாலும், பழைய கலவையான வரையறைகளை விட்டுவிட்டு ஒரே சீரான வரையறையில் வந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால், பெண்களுக்குக் கூடுதல் ஆபத்து என்பது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

அப்படியானால் பழைய ஆய்வுகள் எதைப் பார்த்தன? அறுவை மேசைக்கு வரும்போதே பெண்களின் சுமை அதிகம் என்பதை. அவர்களுக்கு இதய நோய் சராசரியாகப் பிந்திய வயதில் வருகிறது. நெஞ்சுவலி என்று சொல்லாமல் களைப்பு, மூச்சு வாங்குகிறது, முதுகு வலிக்கிறது என்று சொல்வதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது. அதற்குள் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ரத்தசோகை எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. என் பார்வையில், "பெண் என்பதால் கிட்னி பலவீனம்" என்று சொல்வது தவறு மட்டுமில்லை, கேடும்கூட. சரிசெய்யக்கூடிய காரணங்களை அது திரைபோட்டு மூடிவிடுகிறது.

சரிசெய்யக்கூடிய காரணம் என்றால் எது?

முதலில் ரத்தசோகையும் ரத்தம் நீர்த்துப்போவதும். இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை முதலில் திரவத்தால் நிரப்ப வேண்டும். அது 1.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ரத்தம் சுமார் 5.6 லிட்டர்; அதில் சிவப்பணுக்களின் பங்கு 42 சதவீதம். இயந்திரத்தின் திரவம் கலந்ததும் அது 35 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் ரத்தம் சுமார் 3.25 லிட்டர், சிவப்பணு 36 சதவீதம். அதே 1.2 லிட்டர் கலந்தால் 26 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இன்னும் ரத்த இழப்பு, மயக்க மருந்தோடு ஏற்றும் திரவம் எதையும் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் இருபதின் தொடக்கத்துக்கு இறங்குவது பெரிய விஷயமே இல்லை. சிறுநீரகப் பாதிப்பு கூடுவதும் அந்த இடத்தில்தான்.

ஆணுக்குப் போட்ட அதே குழாய், அதே திரவம். உடல்தான் சிறியது. அளவு குறைந்த குழாய்ச் சுற்று, நோயாளியின் சொந்த ரத்தத்தையே பின்னோக்கி விட்டு குழாயை நிரப்பும் முறை, உடலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் அளவைக் கணக்கிட்டு பம்ப்பை ஓட்டுவது என்று இதற்குத் தீர்வுகள் உண்டு. அவசர அறுவை இல்லையென்றால், சில வாரங்களுக்கு முன்பே இரும்புச்சத்துக் குறைவைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எல்லாவற்றிலும் எளிது. ஹீமோகுளோபின் 11 என்றால் "பெண்களுக்கு இது சகஜம்தான்" என்று விட்டுவிடுகிறார்களே, அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

என் அம்மாவுக்கும் பக்கத்துப் படுக்கை ஆணுக்கும் கிரியேட்டினின் 1.1 தான். இருவர் நிலையும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை அதிகம் இருந்தால் அது அதிகம் உற்பத்தியாகும். பெண்களுக்குச் சராசரியாகத் தசை குறைவு. ஆகவே சிறுநீரகம் ஒரே அளவு வேலை செய்தாலும் அவர்களின் எண் தாழ்வாக இருக்கும். இதைத் திருத்தத்தான் ஈஜிஎஃப்ஆர் என்ற மதிப்பீடு; சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணிப்பது அது. 2021இல் வந்த சமன்பாட்டின்படி, 65 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.1 என்றால் ஈஜிஎஃப்ஆர் சுமார் 75. அதே வயது பெண்ணுக்கு அதே 1.1 என்றால் சுமார் 56. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒருவர் நன்றாக இருக்கிறார், இன்னொருவர் கோட்டைத் தாண்டி நிற்கிறார். ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே எண்.

மெலிந்த, வயதான பெண்ணின் வழக்கமான அளவு 0.6 ஆக இருக்கலாம். அறுவைக்குப் பிறகு அது 1.0 ஆகும்போது, அச்சிட்ட இயல்பு எல்லைக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். உண்மையில் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். வரையறைப்படி பாதிப்பு வந்துவிட்டது. அதனால் அறுவைக்கு முன் எடுத்த கிரியேட்டினினை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான்.

மருந்தின் அளவுக்கும் இது பொருந்தும். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிக்கும் பழைய காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் பெண்களுக்கு 0.85 ஆல் பெருக்குவது இதற்காகத்தான். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் சில ஊசிகள், டிகாக்சின் என்ற இதய மருந்து, சில ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாம் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை. ஈஜிஎஃப்ஆர் மதிப்பீடும் சீராகி நின்ற கிரியேட்டினினுக்குத்தான் செல்லும். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணை நம்பக் கூடாது.

வரையறை ஆண் பெண் இருவரையும் ஒரே மாதிரி பிடிக்கிறதா?

0.3 ஏறினால் பாதிப்பு என்ற விதியைப் பாருங்கள். வழக்கமாக 1.2 உள்ள ஆணுக்கு 1.5 ஆனால் போதும். அது கால் பங்கு ஏற்றம்தான். 0.6 உள்ள பெண்ணுக்கு 0.9 ஆக வேண்டும். அது பாதிப் பங்கு ஏற்றம். ஆக ஆண்களின் சிறிய அசைவு கணக்கில் விழுகிறது, பெண்களின் அதே விகித அசைவு விழுவதில்லை. அறுவைக்குப் பிறகு உடலில் திரவம் தேங்கியிருந்தால் கிரியேட்டினினும் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். சிறிய உடலில் இந்த மறைப்பு இன்னும் அதிகம்.

சரி, தேறுவதில் யார் முன்னே? ஆணா, பெண்ணா?

ஆய்வுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. பெண்கள் தாமதமாகத் தேறுகிறார்கள் என்று சிலவும், வேறுபாடே இல்லை என்று சிலவும், பெண்களே நன்றாகத் தேறுகிறார்கள் என்று சிலவும் சொல்கின்றன. அவை ஒத்துப்போகாததற்குக் காரணமும் உண்டு. "தேறியது" என்பதைக் கிரியேட்டினினை வைத்தே அளக்கிறார்கள், அந்த அளவுகோலே இருபாலருக்கும் ஒன்றில்லை என்று இப்போதுதான் பார்த்தோம். இறந்துபோனவர்களைக் கணக்கில் எடுப்பதும் விடுவதும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பைபாஸுக்குப் பின் இறப்பு விகிதம் பெண்களுக்குக் கூடுதல் என்பதால் அது கணக்கைப் புரட்டிவிடும்.

நெடுநாள் போக்கு ஓரளவு தெளிவு. நாள்பட்ட சிறுநீரக நோய் பெண்களிடம் அதிகம் காணப்பட்டாலும், நோய் முற்றி டயாலிசிஸில் போய் முடிவது ஆண்களிடம் அதிகம். சராசரியாக ஆண்களின் சிறுநீரகம் வேகமாக இறங்குகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் இந்தச் சாதகமும் குறைகிறது. இதய அறுவைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் அந்த வயதைக் கடந்தவர்கள்தான்.

உங்கள் வீட்டு நோயாளி தேறுவாரா என்பதை ஆண் பெண் வேறுபாட்டைவிட வேறு நான்கு விஷயங்கள் அதிகம் தீர்மானிக்கின்றன: அறுவைக்கு முன் சிறுநீரகம் எப்படி இருந்தது, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்ததா, பாதிப்பு எந்த நிலை வரை போனது, எத்தனை நாள் நீடித்தது. 48 மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் நல்ல அறிகுறி. 7 நாளைத் தாண்டினால் 90 நாள் வரை அதை இடைப்பட்ட சிறுநீரக நோய் என்று தனியாகவே கண்காணிக்க வேண்டும். இதயத்தின் பம்ப் வலுவும் முக்கியம். இதயம் தேறாமல் சிறுநீரகம் மட்டும் தேறுவது கடினம்.

கிரியேட்டினின் பழைய அளவுக்கே வந்துவிட்டது. அப்புறம் என்ன கவலை?

இரண்டு விஷயம். ஐசியுவில் நீண்ட நாள் படுத்தவருக்குத் தசை கரைந்திருக்கும். கையைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும், வளையல் முழங்கைவரை ஏறும், கடிகாரப் பட்டை தளர்ந்து சுற்றும். தசை குறைந்தால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறையும். ஆகவே எண் இறங்கியது சிறுநீரகம் தேறியதாலா, தசை போனதாலா என்று பிரித்தறிய முடியாது. ஏற்கெனவே தசை குறைவாக உள்ள முதிய பெண்களிடம் இந்த ஏமாற்றம் அதிகம். சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. நீண்ட நாள் படுத்தவர்களுக்கு அதையும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு மருந்தும் தைராய்டு கோளாறும் அதன் அளவை மாற்றும் என்பதால், அவை இருந்தால் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, சில நுண்குழல்கள் அழிந்தாலும் மிஞ்சியவை கூடுதலாக உழைத்து எண்ணைச் சரியாகக் காட்டிவிடும். அதனால்தான் பாதிப்புக்கு மூன்று மாதம் கழித்து கிரியேட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்க்கச் சொல்கிறது கேடிகோ.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுதுமா?

அவசியமில்லை. அறுவைக்கு முன் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில் உயிர் பிழைத்த பலர் சில வாரங்களில் டயாலிசிஸிலிருந்து விடுபடுகிறார்கள். சிறுநீரின் அளவு நாளுக்கு நாள் கூடுவதுதான் முதல் நல்ல செய்தி. அந்தக் கட்டத்தில் சிலருக்கு மிக அதிகமாகப் போகும், உடல் உலர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

"முன்கூட்டியே ஏன் தொடங்கவில்லை?" என்று கோபப்படும் உறவினர்கள் உண்டு. 2020இல் வெளியான ஸ்டார்ட்-ஏகேஐ என்ற பெரிய பன்னாட்டு ஆய்வில், ஐசியு நோயாளிகளுக்கு அவசரப்பட்டுத் தொடங்கியதால் இறப்பு குறையவில்லை. உயிர் பிழைத்தவர்களில் 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸை விட முடியாதவர்கள், முன்கூட்டித் தொடங்கிய குழுவில் 10.4 சதவீதம், காத்திருந்த குழுவில் 6 சதவீதம். கட்டாயக் காரணம் வரும்வரை காத்திருப்பது அலட்சியமல்ல.

அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு சிறுநீர் சரியாக வரவில்லை. கிட்னி மறுபடி கெட்டுவிட்டதா?

முதலில் சிறுநீர்ப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கியிருந்தால், குழாயை எடுத்ததும் சிறுநீர் அடைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். சொட்டுச் சொட்டாகப் போகும், அடிவயிறு இறுகி உப்பியிருக்கும், கிரியேட்டினின் ஏறும். சில வலி மருந்துகளும் மலச்சிக்கலும் இதைக் கூட்டும். அல்ட்ராசவுண்டில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குழாயை மறுபடி போட்டால் எண் இறங்கிவிடும். ஏற்கெனவே புராஸ்டேட் தொந்தரவு இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஈஸ்ட்ரோஜென் பாதுகாக்கிறது என்றால் மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சிறுநீரகத்துக்காக ஹார்மோன் கொடுப்பது சிகிச்சை இல்லை. ரத்தக்கட்டு ஆபத்தும் உண்டு.

பாதிப்பே வராமல் தடுக்க முடியாதா?

ஓரளவு முடியும். ரத்த அழுத்தத்தையும் இதயத்தின் ஓட்டத்தையும் நெருக்கமாகக் கவனிப்பது, சர்க்கரை ஏறாமல் பார்ப்பது, சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்ப்பது ஆகியவற்றை ஒரு தொகுப்பாகச் செய்தால் பலன் இருக்கிறது. 2024இல் வெளியான புரொடெக்ஷன் ஆய்வில், 3,511 இதய அறுவை நோயாளிகளில் நரம்பு வழியே அமினோ அமிலங்கள் பெற்றவர்களில் 26.9 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 31.7 சதவீதம் பேருக்கும் பாதிப்பு வந்தது. டோப்பமின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிட்னி காப்பாற்றப்படும் என்ற பழைய நம்பிக்கை பொய்த்துவிட்டது.

இயந்திரம் இல்லாமல், துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்தால்? கரோனரி என்ற பெரிய ஆய்வில் உடனடிப் பாதிப்பு குறைந்தது. ஆனால் ஓராண்டு கழித்துச் சிறுநீரகத்தின் செயல்பாட்டில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. அதற்காக மட்டும் அந்த முறையைக் கேட்டுப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக், நாப்ராக்ஸென் வகை எதையும் கேட்காமல் தொடாதீர்கள். பைபாஸ் அறுவையை ஒட்டிய வலிக்கு இவை கூடாது என்று மருந்து எச்சரிக்கையிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்காகப் பல ஆண்டுகளாக இவற்றைப் போட்டுப் பழகிய பெண்கள், அது "மருந்து" என்றே நினைக்காமல் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நேரடியாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும்.

நிறுத்தி வைத்த ரத்த அழுத்த மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள். வாந்தி, பேதி வந்தால் நீர் பிரிக்கும் மாத்திரை, பிரில் அல்லது சார்டான் என முடியும் ரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றே போன் செய்து கேளுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர்தான்.

அப்புறம் அந்த மூன்று மாதப் பரிசோதனை. கணவரை அழைத்துப்போக மனைவி வருகிறார். மனைவியின் முறை வரும்போது வீட்டு வேலை முன்னால் வந்து நிற்கிறது. டிஸ்சார்ஜ் அன்றே தேதி குறித்து, கூடப் போகும் ஆளையும் முடிவு செய்துவிடுங்கள்.

நிறைய தண்ணீர் குடித்தால் கிட்னி தேறுமா?

தேறாது. இதயம் பலவீனமாக இருந்தால் கெடுதலே. எவ்வளவு என்று டாக்டர் சொன்ன அளவு மட்டும்.

எனக்கு 28 வயது. வால்வு அறுவைக்குப் பின் கிட்னி பாதித்து முழுதாகச் சரியாகிவிட்டது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பலர் பெற்றுக்கொள்கிறார்கள். ஆனால் சிறுநீரகம் முழுதாகத் தேறிய பெண்களுக்கும் கர்ப்பகாலத்தில் பிரீஎக்லாம்சியா என்னும் ரத்த அழுத்தச் சிக்கல் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். பிரசவ மருத்துவர் கேட்காமலே போகலாம், அதனால் "எனக்கு ஒருமுறை கிட்னி பாதித்தது" என்பதை நீங்களே முதல் சந்திப்பில் சொல்லுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே ஈஜிஎஃப்ஆர், சிறுநீர் ஆல்புமின், எக்கோ என்ற இதய ஸ்கேன் மூன்றும் எடுத்து, இதய மருத்துவரையும் சிறுநீரக மருத்துவரையும் பாருங்கள். பிரில், சார்டான் வகை மாத்திரைகள் கருவுக்கு ஆகாதவை. உலோக வால்வுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு மருந்தை எப்போது எப்படி மாற்றுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வால்வில் ரத்தம் உறைந்துவிடும்.